பத்துக்குப் பத்து அறையை விசாலமாக்கும் வழிகள்: வேலூர் வீடுகளை முன்வைத்து

வேலூரில் சத்துவாச்சாரி, காட்பாடி, தோட்டப்பாளையம், வேலப்பாடி என எந்தப் பக்கம் வாடகைக்கு வீடு தேடினாலும், படுக்கையறை என்று காட்டப்படுவது பெரும்பாலும் பத்தடிக்குப் பத்தடி அறையாகவே இருக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனையில் சிகிச்சை பெற வெளிமாநிலங்களிலிருந்து வருபவர்கள் வாரக்கணக்கில் தங்கும் அறைகளில் பல அதைவிடவும் சிறியவை. சுவரை இடித்துப் பெரிதாக்க வழியில்லாத இத்தகைய அறைகள் நெருக்கமாகத் தோன்றுவதும் தாராளமாகத் தோன்றுவதும் இரண்டு விஷயங்களைப் பொறுத்தவை: வாசலில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியும் தரை, சன்னல் வழியாக வந்து சேரும் வெளிச்சம். இவ்விரண்டையும் சரிசெய்வதற்கு முன்பு அலங்காரப் பொருள் எதையும் வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

முதலில் அளவெடுங்கள். நூறு சதுர அடி அறையில் ஆறேகால் அடிக்கு நான்கடிக் கட்டில் 25 சதுர அடியும், மூன்றடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் கொண்ட இரும்புப் பீரோ நாலரைச் சதுர அடியும், நான்கடிக்கு இரண்டடி மேசை 8 சதுர அடியும் எடுத்துக்கொள்ளும். ஆக, பாதிக்கு மேற்பட்ட தரை காலியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அறை அடைசலாகத் தெரிகிறது என்றால், அந்தக் காலியிடம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது என்று பொருள். கதவைத் திறந்ததும் எதிரே பீரோவின் பக்கவாட்டுத் தகடு தெரிந்தால், பார்வை அங்கேயே முட்டி நின்றுவிடும். அதற்குப் பின்னால் ஐந்தடி இடம் இருந்தாலும் அது கணக்கில் சேராது. எனவே வாசலிலிருந்து சன்னல்வரை ஒரு நேர்கோட்டில் தரையைக் காலியாக விட்டுவிட்டு, மீதமுள்ள இடத்தில் மட்டுமே பொருள்களை அமைக்க வேண்டும்.

பீரோவுக்கு ஏற்ற இடம், வாசல் இருக்கும் அதே சுவரின் மறுமூலை. உள்ளே நுழையும்போது அது கண்ணில் படாது. நம் வீடுகளில் பல பீரோக்களின் கதவில் நீளக் கண்ணாடி பதித்திருப்பார்கள்; சன்னல் எதிர்ச்சுவரில் இருக்குமானால், அந்தக் கண்ணாடி சன்னலையும் வானத்தையும் பிரதிபலித்து, கூடுதல் செலவின்றி இன்னொரு சன்னலின் வேலையைச் செய்யும். கதவுகளைத் திறந்து ஆள் நிற்க முன்னால் இரண்டரை அடியாவது வேண்டும் என்பதால், கனமான பீரோவை நகர்த்துவதற்கு முன் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

கட்டிலை நீளவாட்டில் பக்கச் சுவரையொட்டிப் போடுங்கள். கால்கள் உயர்ந்து அடியில் தரை தெரியும் கட்டிலே சிறிய அறைக்கு ஏற்றது. ஆனால் அதனடியில் பெட்டிகளையும் அட்டைப்பெட்டிகளையும் திணித்தால் அந்தப் பயன் முழுவதும் போய்விடும். அவற்றுக்குப் பரண் இருக்கிறது. மூட்டுவலி இல்லாதவர்கள் கட்டிலையே தவிர்த்து, வந்தவாசிக் கோரைப் பாயும் மெத்தையும் விரித்துப் படுத்துக் காலையில் சுருட்டி வைத்துவிடலாம். பகல் முழுவதும் கால்பங்கு அறை திரும்பக் கிடைக்கும் இந்த வழக்கத்தைவிடச் சிறந்த உத்தி எனக்குத் தெரிந்து வேறில்லை.

சுவர்களுக்கு வெள்ளையோ அதையொட்டிய இளநிறமோ போதும். நல்ல வெள்ளை தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பியனுப்பும். அடர்நிறங்கள் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஒரு சுவருக்கு மட்டும் அடர்நிறம் அடிக்கலாம் என்று பெயின்டர் யோசனை சொல்லக்கூடும். சதுரமான சிறிய அறையில் அதற்கு இணங்க வேண்டாம். லைன் வீடுகளில் காணப்படும் ஒடுங்கி நீண்ட அறையாக இருந்தால் மட்டும், கடைக்கோடியிலுள்ள குறுகிய சுவருக்குச் சற்று அழுத்தமான நிறம் கொடுத்தால், அது அருகில் வந்ததுபோல் தோன்றி அறையின் நீளவாட்டைச் சமன்செய்யும். பரணின் விளிம்பு, அலமாரிச் சட்டம் ஆகியவற்றுக்கும் சுவரின் நிறத்தையே அடியுங்கள். பூச்சு மேடுபள்ளமாக இருந்தால் பளபளப்பான பெயின்ட் அவற்றை எடுத்துக்காட்டிவிடும், பளபளப்பற்றதே நல்லது.

சன்னல் விஷயத்தில் நம் ஊருக்கென்று தனிக் கவனம் தேவை. மலைகள் சூழ்ந்த வேலூரில் மே மாத வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம் என்பதால், மேற்குச் சன்னலின் கண்ணாடியில் செய்தித்தாளை ஒட்டியோ தடித்த திரை போட்டோ பலர் அறையை இருட்டாக்கிக்கொள்கிறார்கள். அதனால் அறையும் சுருங்கிவிடுகிறது, கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்த வெப்பமும் உள்ளேயே தங்கிவிடுகிறது. மூங்கில் தட்டியைச் சன்னலுக்கு வெளியே கட்டுவதே முறையானது. அப்போது வெயில் கண்ணாடிக்கு வரும் முன்பே தடுக்கப்படும், இடுக்குகளின் வழியே வெளிச்சம் மட்டும் வரும், மாலையில் அதைச் சுருட்டிவிட்டால் காற்றும் வரும். உள்பக்கத்துக்குக் குடியாத்தம் கைத்தறி போன்ற மெல்லிய வெளிர்நிறப் பருத்தித் துணி போதும். திரைக்கம்பியைச் சட்டத்துக்கு அரை அடி மேலேயும், இருபுறமும் முக்கால் அடி நீட்டியும் பொருத்தினால், ஒதுக்கிய திரை சுவர்மீது நின்று சன்னலை முழுவதும் திறந்துவிடும். சன்னலும் தன் அளவைவிடப் பெரியதாகத் தெரியும்.

மேலே சொன்ன கண்ணாடி யோசனைக்கு இங்கே ஒரு விலக்கு உண்டு. வடக்கு, கிழக்குச் சன்னல்களுக்கு எதிரே கண்ணாடி வைக்கலாம். மறைப்பில்லாத மேற்குச் சன்னலுக்கு எதிரே வைத்தால் பிற்பகல் வெயில் கூசும்படி திரும்பி அடிக்கும். மேலும், வாசலிலிருந்து பார்க்கும்போது கண்ணாடியில் எது தெரிகிறது என்பதையும் கவனியுங்கள். துணி தொங்கும் கொடி தெரிந்தால், அடைசல்தான் இரட்டிப்பாகும்.

கடப்பா கல் பதித்த திறந்த அலமாரிகளுக்குச் சுவரின் நிறத்திலேயே ஒரே துணித் திரை போடலாம். காலண்டர், படங்கள், கடிகாரம் மூன்றையும் ஒரே சுவரில் சேர்த்து மாட்டி, மற்ற மூன்று சுவர்களையும் வெறுமையாக விடுங்கள். ஆணி அடிக்க வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டால், ஏற்கெனவே இருக்கும் ஆணிகள் எந்தச் சுவரில் அதிகமோ அதையே தேர்ந்தெடுக்கலாம்.

இரவில் ஒற்றை டியூப்லைட் மட்டும் எரிந்தால் எதிர் மூலைகள் இருண்டு, அறை அந்த அளவுக்குக் குறைந்து தெரியும். இருண்ட மூலையில் ஐந்து வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றை, வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பும்படி வையுங்கள். அதற்கான ஒயரைத் தரையின் குறுக்கே இழுக்காமல், சுவரின் அடியோரமாகவே கொண்டுசெல்லுங்கள்.