பழகாத இசையைக் கேட்கத் தொடங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே வகை இசையைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த ஒருவர், வேறு இசைகளையும் கேட்டுப் பார்க்கலாமே என்ற ஆர்வத்தில் ஜாஸையோ ஸ்பெயினின் ஃபிளமெங்கோவையோ இந்துஸ்தானியையோ தேடிப் போய், சில வாரங்களிலேயே ‘நமக்கு இது ஒத்துவராது’ என்று பழைய இடத்துக்குத் திரும்பிவிடுவது அடிக்கடி நடக்கிறது. தமக்கு அந்த அளவுக்கு ரசனை இல்லை என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில், கேட்ட விதத்தில்தான் கோளாறு இருக்கும். பழகிய இசை எந்த இடத்தில் இன்பம் தந்ததோ, புதிய இசையிலும் அதே இடத்தில் அதே இன்பத்தை எதிர்பார்ப்பதே மற்றத் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கும் வேர்.

பாடல்களையே கேட்டு வளர்ந்த காது முதலில் குரலைத் தேடும். அடுத்து, முணுமுணுக்கத் தோதான மெட்டைத் தேடும். அதற்கடுத்து, பல்லவி எப்போது திரும்பி வரும் என்று காத்திருக்கும். இந்த மூன்றும் இல்லாத இசை உலகில் ஏராளமாக இருக்கிறது. 1980களில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் உருவான டெக்னோ இசையில் மெட்டு பெரும்பாலும் ஓரமாகவே நிற்கும். ஒரு தாளக்கட்டு நிமிடக்கணக்கில் மாறாமல் ஓடிக்கொண்டிருக்க, அதன்மேல் ஓர் ஒலி மெல்லச் சேர்வதும், இன்னொன்று விலகுவதும், ஏற்கெனவே ஒலிப்பதன் நிறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூர்மையாவதும்தான் அங்கே நிகழ்ச்சி. அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1967-இல் இரண்டு பியானோக்களுக்காக எழுதிய ஒரு படைப்பில், இருவரும் பன்னிரண்டு சுரங்கள் கொண்ட ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் கண்ணுக்குத் தெரியாத அளவில் வேகத்தைக் கூட்டி, மற்றவரைவிட ஒரு சுரம் முன்னால் போய் நிற்பார். அந்த நழுவலின்போது, இருவருமே வாசிக்காத புதுப்புது வடிவங்கள் காதில் எழும். ‘பாட்டு எப்போது தொடங்கும்’ என்று காத்திருப்பவருக்கு இதில் எதுவுமே நடக்காது. எனவே பிடிக்கிறதா என்று கேட்டுக்கொள்வதற்கு முன், இந்த இசை தன் கவனத்தை எங்கே வைத்திருக்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஹெவி மெட்டலின் சில கிளைகளில் வரும் உறுமல் குரலைச் சகிக்க முடியாதவர்கள், அதைப் பாட்டாக எண்ணாமல் இன்னொரு தாளக்கருவியாக எண்ணி, கிடாரும் டிரம்ஸும் ஒன்றையொன்று எப்படித் துரத்துகின்றன என்று கவனித்தால், அந்த இசையின் கட்டுக்கோப்பு விளங்கத் தொடங்கும்.

நீளம் பற்றிய பொறுமையின்மையும் இதே வேரிலிருந்து வருவதுதான். ஒரு பாட்டு மூன்று, நான்கு நிமிடம் இருக்க வேண்டும் என்பது இசையின் இயற்கை விதி ஒன்றுமில்லை. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடமே பதிய முடிந்தது என்பதற்கு அந்த வழக்கத்தில் பெரும்பங்கு உண்டு. எகிப்தின் உம் குல்தூம் ஒரே பாடலை ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பாடியதுண்டு. அவையோரின் ஆரவாரத்தைக் கேட்டு அதே வரியை வெவ்வேறு விதமாகத் திரும்பப் பாடிப் போவது அந்தப் பாட்டின் உடம்பிலேயே சேர்ந்தது. நைஜீரியாவின் ஃபேலா குட்டி தம் பாடல்களில் பலவற்றை இசைத்தட்டின் ஒரு முழுப் பக்கத்துக்கு நீளும்படி அமைத்தார். இந்துஸ்தானியில் மிக மெதுவான நடையில் பாடும் விளம்பித கயாலில் பன்னிரண்டு மாத்திரை கொண்ட ஏக்தாளத்தின் ஓர் ஆவர்த்தனமே ஏறக்குறைய ஒரு நிமிடம் வரை நீளலாம். அங்கே தாளம் போட முயன்றால் கை தவித்துப்போகும். பாடகர் எவ்வளவு தூரம் அலைந்தாலும் பல்லவியின் முதல் சொற்றொடரைப் பிடித்துக்கொண்டு ‘சம்’ என்ற முதல் மாத்திரையில் வந்து இறங்கும் அந்தக் கணத்துக்காகக் காத்திருந்தால், கேட்கிறவரின் மூச்சும் அந்த ஆவர்த்தனத்தோடு சேர்ந்துகொள்ளும். முதல் ஐந்து நிமிடத்தைக் கேட்டுவிட்டு நகர்த்திவிடுகிறவர் அந்த இசையின் வாசற்படியைத்தான் பார்த்திருக்கிறார்.

ஒலியின் தன்மையை வைத்து அவசரமாகத் தீர்ப்புச் சொல்வது இன்னொரு பெரிய தவறு. ஜிம்பாப்வேயின் ஷோனா மக்கள் வாசிக்கும் எம்பிரா என்ற கருவியைப் பதிவில் முதன்முறை கேட்கிறவர்கள், ஒலிபெருக்கி பழுதாகிவிட்டதோ என்று சந்தேகப்படும் அளவுக்கு அதில் ஓர் இரைச்சல் உண்டு. இரும்புப் பட்டைகளை விரலால் மீட்டும்போது கூடவே அதிர்வதற்காகவே சோடா மூடிகளையோ சிப்பிகளையோ அதில் பொருத்தியிருப்பார்கள். இதை நாம் விநோதமாகக் கருத நியாயமில்லை. தம்புராவின் குதிரைக்கும் தந்திக்கும் இடையே நூலைச் செருகி, அந்த ரீங்காரம் சரியாக எழும்வரை நூலை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பதும் இதே காரியம்தானே! பாலித் தீவில் உலோகத் தாளக்கருவிகளை வாசிக்கும் கமெலான் குழுவில் இணைக் கருவிகள் இரண்டையும் வேண்டுமென்றே சற்று வேறுபட்ட சுருதியில் அமைக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது பிறக்கும் அலையடிப்பு இல்லாவிட்டால், அந்த ஒலிக்கு உயிரில்லை என்பது அவர்களுடைய கணிப்பு. பியானோவில் ஒரு ஸ்தாயிக்குரிய பன்னிரண்டு கட்டைகளுக்குப் பழகிய காதுக்கு இது சுருதிப் பிசகு. அரபு இசையின் ராகங்கள் போன்ற மகாம்களில் அந்தக் கட்டைகளுக்கு இடையே விழும் சுரங்களும் அப்படியே அபசுரமாகத் தோன்றும்.

எது இனிமை, எது உறுத்தல் என்பதில்கூடப் பழக்கத்தின் பங்கு பெரிது. பொலிவியாவின் அமேசான் பகுதியில் வாழும் சிமானே மக்களிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மேற்கத்திய காதுகளுக்கு இசைவாகவும் உறுத்தலாகவும் கேட்கும் இருவகை ஒலிச்சேர்க்கைகளையும் அவர்கள் ஏறக்குறைய ஒரே அளவு இனிமையானவை என்றே மதிப்பிட்டார்கள். ஆகவே, ‘காதுக்கு உறுத்துகிறது’ என்பது நம் காதின் வரலாற்றைப் பற்றிய செய்தியாகவும் இருக்கக்கூடும்.

தாளத்தில் வரும் குழப்பத்துக்கு மட்டும் நேரடியான மருந்து ஒன்று இருக்கிறது: கையால் எண்ணுவது. ஃபிளமெங்கோவின் சொலியா வகையில் பன்னிரண்டு எண்ணிக்கை ஒரு சுற்று. அதில் 3, 6, 8, 10, 12 ஆகிய இடங்களில் அழுத்தம் விழும். முதலில் மூன்று மூன்றாகப் போய், பாதியில் இரண்டு இரண்டாக மாறுகிற இந்த அமைப்பைக் கிடார் இல்லாமல் கைதட்டலாக மட்டும் சில சுற்றுகள் போட்டுப் பார்த்துவிட்டுப் பதிவைக் கேட்டால், அதுவரை தாறுமாறாக ஒலித்தது கணக்காக வந்து விழுவதைக் காணலாம். பல்கேரிய நடன இசையில் சாதாரணமாக வரும் ஏழு எண்ணிக்கை பலரைத் தடுமாற வைக்கும். கர்நாடக இசையின் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிச்ர சாபுவுக்குப் பழகியவர்களுக்கு அது அவ்வளவு அந்நியமாக இராது. மூன்றும் நான்குமாகப் பிரிப்பதை அங்கே இரண்டு, இரண்டு, மூன்று என்று பிரிக்கிறார்கள், அவ்வளவுதான். ஆறு மாதக் குழந்தைகள் இத்தகைய தாளங்களில் நேரும் பிசகை எளிய தாளத்தில் கண்டுகொள்வது போலவே கண்டுகொள்கின்றன என்றும், அவற்றைக் கேட்டு வளராத பெரியவர்களுக்கு அது கடினமாகிறது என்றும் 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. எல்லாத் தாளங்களுக்கும் திறந்திருந்த காதுதான், கேட்டுக் கேட்டுச் சிலவற்றோடு நின்றுவிடுகிறது.

ஒரே முறை கேட்டுவிட்டு முடிவுகட்டுவது எல்லாரும் அறிந்த தவறு. அறிந்தும் எல்லாரும் செய்கிறோம். ஒன்றைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதே அதன்மீது விருப்பத்தைக் கூட்டுகிறது என்பதை உளவியலாளர் ராபர்ட் சயோன்ஸ் 1968-இல் எடுத்துக்காட்டினார். இசை வரலாற்றில் இதற்குப் புகழ்பெற்ற சாட்சி உண்டு. 1913 மே 29 அன்று பாரிஸில் ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வசந்தத்தின் சடங்கு’ பாலே முதன்முதலாக மேடையேறியபோது, அரங்கில் பெரும் கூச்சல் எழுந்தது (அதற்கு இசை மட்டுமின்றி நடன அமைப்பும் ஒரு காரணம்). அதே இசையை மறு ஆண்டு அதே நகரில் கச்சேரியாக வாசித்தபோது, அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆனால் ஒரே நாளில் ஐந்து முறை ஓடவிடுவதால் பயனில்லை, சலிப்புத்தான் மிஞ்சும். சில நாள் இடைவெளி விட்டு அதே பதிவைக் கேட்பதும், ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கருவியை மட்டும் தொடக்கம் முதல் இறுதிவரை பின்தொடர்வதும் நல்ல முறை. முதல் நாள் பேஸ் கிடார், அடுத்த முறை டிரம்ஸ் என்று போனால், குழப்பமாகக் கேட்ட கூட்டொலி தனித்தனி ஆட்களாகப் பிரிந்து நிற்கும்.

எங்கே தொடங்குவது என்பதிலும் சறுக்குகிறார்கள். ‘எல்லாக் காலத்துக்குமான தலைசிறந்த நூறு ஆல்பங்கள்’ போன்ற பட்டியல்களை நம்பி இறங்குவதில் ஒரு சிக்கல் உண்டு: அந்தத் துறையில் ஊறியவர்கள் வியக்கும் படைப்பு, பல வேளைகளில் முந்தைய விதிகளை மீறியதால் வியக்கப்படுகிறது, விதியே தெரியாதவருக்கு மீறல் எப்படிப் புரியும்? சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1965-க்குப் பிறகு வாசித்தவற்றிலிருந்து ஜாஸைத் தொடங்குவது அத்தகையது. அவரே பங்கேற்ற, மைல்ஸ் டேவிஸின் 1959 ஆல்பமான ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ இதற்கு மாறாக வாசல் அகலமானது. அதன் முதல் உருப்படியின் சட்டகம் மிக எளிது. முப்பத்திரண்டு அளவைகள் (நான்கு எண்ணிக்கை கொண்ட தாளப் பகுதிகள்) கொண்ட சுற்றில் முதல் பதினாறும் ஒரே சுர வரிசையில் நிற்கும். அடுத்த எட்டில் அதே வரிசை அரைச் சுரம் மேலே ஏறும். கடைசி எட்டில் பழைய இடத்துக்கு இறங்கும். அந்த ஏற்றத்தை ஒருமுறை காது பிடித்துவிட்டால், தனி வாசிப்பில் யார் எவ்வளவு தூரம் போனாலும் கேட்பவர் தொலைந்துபோவதில்லை. ஜாஸ் கேட்டுச் சலித்தவர்கள் பலர், வரவேற்பறைகளிலும் லிஃப்டுகளிலும் மெல்லக் கசிகிற வழவழப்பான சாக்ஸஃபோனையே ஜாஸ் என்று நினைத்திருந்தவர்கள் என்பதையும் சொல்லிவைக்கலாம்.

எந்தச் சாதனத்தில் கேட்கிறோம் என்பது சார்ந்த தவறு சிறியதுபோல் தோன்றினாலும் கெடுதல் பெரிது. நான்கு தந்தி பேஸ் கிடாரின் அடித்தந்தி வழக்கமான சுருதியில் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. கைபேசியின் குட்டி ஒலிபெருக்கியால் அந்த ஆழத்தை எட்ட முடியாது. ஜமைக்காவின் ரெகேயிலும் அதிலிருந்து பிறந்த டப்பிலும் பேஸ்தான் கதை சொல்கிறது என்பதால், கைபேசியில் அவற்றைக் கேட்பது வசனத்தை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பதற்குச் சமம். சிம்ஃபனி போன்றவற்றில் சிக்கல் வேறு: மெல்லிய பகுதிக்கும் உரத்த பகுதிக்கும் இடையே அவ்வளவு தூரம் இருப்பதால், இரைச்சலுள்ள இடத்தில் பாதி இசை காதுக்கே வராது. சுமாரான ஹெட்ஃபோனும் அமைதியான அரைமணி நேரமும் போதும்.

செயலிகளின் பரிந்துரையை மட்டும் நம்புவதும் ஓரளவு இதே வகை. ஏற்கெனவே கேட்டதையும், அதே போன்றவற்றைக் கேட்கும் பிறருடைய தேர்வையும் பெரும்பாலும் வைத்தே அவை அடுத்ததைக் காட்டுகின்றன. பழக்கத்தின் வேலிக்குள்ளேயே சற்று விலகி நடத்திச் செல்லும். மறு எல்லையில், ஒரே பிளேலிஸ்டில் இருபது நாட்டு இசையையும் திணித்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு மட்டும் கேட்பதால், எதிலும் காது ஊன்றாது. ‘வேர்ல்டு மியூசிக்’ என்ற பெயர்ப்பலகை இந்தக் கலவைக்கு வசதி செய்து கொடுத்தது. 1987-இல் லண்டன் மதுக்கூடம் ஒன்றில் இசைத்தட்டு நிறுவனத்தார் கூடி, கடைகளில் எந்தத் தட்டில் அடுக்குவது என்று தெரியாத ஆல்பங்களை விற்பதற்காக அந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். மாலி நாட்டின் கோரா என்ற தந்திக்கருவிக்கும் ரஷ்யாவின் துவா பகுதியின் தொண்டை இசைக்கும் பொதுவானது, அந்தக் கடைக்காரரின் சங்கடம் ஒன்றே. ஓர் இசைவகையை எடுத்தால் சில வாரங்களாவது அதிலேயே இருப்பதுதான் பலன் தரும்.

சொல்லை மையமாகக் கொண்ட இசைகளுக்குத் தனிக் கவனம் தேவை. கவ்வாலியும் ஹிப்ஹாப்பும் வரிகளின் பொருள் தெரியாமல் பாதிதான் கிடைக்கும். மொழிபெயர்ப்பு எவ்வளவு தட்டையாக இருந்தாலும் ஒருமுறை படித்துவிட்டுக் கேட்பது மேல்.

பிடித்ததாகக் காட்டிக்கொள்ளும் தவறைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதன் மறுபக்கம் கவனிக்கத்தக்கது: புதிதாக ஒன்றைக் கற்றதும், அதுவரை கேட்டுவந்ததை மட்டமாகப் பேசுவது. அது தன் கையிலுள்ள மிகச் சிறந்த கருவியைத் தானே எறிவதாகும், ஏனெனில் புதிய இசைக்குள் போகும் நம்பகமான பாதைகள் பெரும்பாலும் பழகிய இசையிலிருந்துதான் கிளம்புகின்றன. கடம் கேட்டு மகிழ்கிற ஒருவர், விக்கு விநாயக்ராம் வாசித்த ‘சக்தி’ குழுவின் 1970களின் பதிவுகளைக் கேட்கலாம். ஒரு பாணியை இன்னொன்றின்மேல் பூச்சாகத் தடவும் பல கலப்பிசைகளைப் போலன்றி, அதில் ஒவ்வொருவரும் தம் மொழியிலேயே பேசுவார்கள். அக்குழுவின் கிடார் கலைஞர் ஜான் மெக்லாலினைப் பின்தொடர்ந்தால், அவர் அதற்கு முன் மைல்ஸ் டேவிஸோடு 1969-இல் செய்த பதிவுகள் வரும். அங்கிருந்து பின்னோக்கிப் போனால், மேலே சொன்ன 1959 ஆல்பம். அப்படிப் போகிற வழியில் ஏதாவதொன்று எவ்வளவு கேட்டும் ஒட்டவில்லை என்றால், அதை ஒதுக்கிவைத்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். ஒரு வருடம் கழித்து அதே பதிவை மீண்டும் ஒருமுறை போட்டுப் பார்க்க மட்டும் மறக்க வேண்டாம்.