ஆர்வி-7: ஸ்டிக் இறுக்கமாக இருந்தால் எங்கே தேடுவது?

உதிரிப்பாகங்களாக வாங்கி வீட்டுக் கராஜில் கட்டும் சிறு விமானமான ஆர்வி-7இல், ஸ்டிக்கை (விமானி கையில் பிடித்து ஓட்டும் தண்டை) இடம் வலமாக ஆட்டும்போது களிமண்ணைக் கிண்டுவதுபோல இருக்கிறதா? முதலில் எண்ணெய் டப்பாவைக் கீழே வையுங்கள். புது விமானத்தில் இறுக்கம் என்றால் பெரும்பாலும் ஏதோ ஒன்று நெரிபடுகிறது. எண்ணெய் விட்டால் அது ஒளிந்துகொள்ளும், தீராது.

இதில் ரட்டருக்கு (வால் பக்கத்துச் செங்குத்துச் சுக்கானுக்கு) மட்டும்தான் கேபிள். எய்லரானும் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடல்) எலிவேட்டரும் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) கன்ட்ரோல் டியூபில், அதாவது தள்ளி இழுக்கும் தண்டுகளில், ஓடுகின்றன. அதனால் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றிக்கொண்டே வந்தால் குற்றவாளி மாட்டிவிடும்.

1. எய்லரான் பக்கத்து டியூபைக் கழற்றுங்கள். எய்லரானைக் கையால் தூக்கி விட்டால் தன் எடையிலேயே தொப்பென்று விழ வேண்டும். தயங்கித் தயங்கி இறங்கினால் கீலைப் பாருங்கள். பெயிண்ட் அடித்தபோது பேரிங்கில் படிந்த தூசியே போதும்.

2. அடுத்து இறக்கைக்குள் இருக்கும் பெல்கிராங்க்; ஒரு டியூபின் அசைவைத் திசை திருப்பி அடுத்த டியூபுக்குக் கொடுக்கும் நெம்புகோல் இது. என் அனுபவத்தில் பாதி நேரம் இங்கேதான் போகும். ஸ்டிக்கிலிருந்து வரும் டியூபையும் கழற்றிவிட்டு பெல்கிராங்கை விரலால் ஆட்டுங்கள். நட்டைத் தளர்த்தினால் ஓடுகிறது, முறுக்கினால் நிற்கிறது என்றால் விஷயம் இதுதான்: பெல்கிராங்கின் நடுவே ஓர் எஃகுக் குழாய், அதற்குள் பித்தளை புஷ் (சிறிய உறைக்குழல்), அதற்குள் போல்ட். போல்ட்டை இறுக்கும்போது இருபுறமும் தாங்கும் பிராக்கெட்டுகள் புஷ்ஷை மட்டுமே கவ்வ வேண்டும். அசையாத அந்த புஷ்ஷின் மேல்தான் பெல்கிராங்க் சுழலும். குழாய் புஷ்ஷைவிட மயிரிழை நீண்டிருந்தாலும் நட்டு குழாயையே நெரித்துவிடும். முனையில் உள்ள பவுடர் கோட்டிங்கின் தடிப்பே அதற்குப் போதும்.

காலிப்பரில் இரண்டையும் அளந்து பாருங்கள். புஷ் குழாயைவிட ஓர் இஞ்சில் ஆயிரத்தில் சில பங்கு நீளமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணாடித் துண்டின் மேல் எமரி பேப்பரை ஒட்டி, குழாயின் முனையை நேராகப் பிடித்துத் தேயுங்கள். தேய வேண்டியது குழாய், புஷ் அல்ல. அரம் போட்டால் முனை சாய்ந்துவிடும். குழாயின் உள்பக்கமும் கோட்டிங் இருந்தால் ரீமர்தான் (துளையைச் சன்னமாகச் சுரண்டிச் சீராக்கும் கருவி). டிரில் பிட் பக்கமே போகாதீர்கள்.

"நட்டைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள், சரியாகிவிடும்" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். அப்படி விட்டால் போல்ட்டும் சேர்ந்து சுழன்று பிராக்கெட் துளையைத் தின்றுவிடும்.

3. டியூபின் இரு முனைகளிலும் உள்ள ராட் எண்ட் பேரிங்குகள் (உள்ளே ஒரு பந்து சுழலும் இணைப்புகள்). பேரிங்கை டியூபோடு பூட்டும் ஜாம் நட்டை முறுக்கும்போது பேரிங்கும் கூடவே திரும்பிக்கொள்ளும். அதனால் ஒரு ஸ்பேனர் பேரிங்கைப் பிடிக்க, இன்னொன்று நட்டுக்கு. முடிந்ததும் டியூபை விரலால் லேசாக உருட்டிப் பாருங்கள். இரு பக்கமும் சமமாகச் சற்று ஆட வேண்டும். ஸ்டிக் எந்த மூலையில் இருந்தாலும் ஆட வேண்டும். ஏஎன்970 என்ற அகலமான விமான வாஷர் போட்டிருந்தால், அதற்கும் பந்துக்கும் நடுவே ஒரு சின்ன வாஷர் இருக்கட்டும். இல்லாவிட்டால் பேரிங்கின் உடம்பில் உரசும்.

கருவியில் கஞ்சத்தனம் வேண்டாம். கார் சக்கரத்துக்குப் பயன்படுத்தும் டார்க் ரென்ச் (முறுக்கத்தை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) இங்கே உதவாது. இழுவிசை நட்டு (டென்ஷன் நட்டு) போட்ட ஏஎன்3 என்ற சிறிய விமான போல்ட்டுக்கு வேண்டியது 20 முதல் 25 இஞ்ச்-பவுண்ட்தான். லாக் நட்டு என்றால், அது மரையில் ஓடுவதற்கே எடுக்கும் முறுக்கத்தை இதோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

மாட்டி முடித்ததும் போல்ட்களில் பெயிண்ட் கோடு போட்டுவிட்டு, வேறொருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஸ்டிக் இடப்பக்கம் போனால் இடது எய்லரான் மேலே போக வேண்டும்.

பிற்சேர்க்கை: எல்லாம் சரிபார்த்தும் இறுக்கம் போகவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். இரண்டு விமானத்திலும் ஆட்டோபைலட் சர்வோ (விமானி கை வைக்காமலே மடல்களை அசைக்கும் மோட்டார்) இருந்தது. மின்சாரம் இல்லாதபோதும் சர்வோ மோட்டார் கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும். அதன் இணைப்பைக் கழற்றிவிட்டு ஸ்பிரிங் தராசை ஸ்டிக்கின் உச்சியில் மாட்டி இழுத்துப் பாருங்கள், அப்புறம் மாட்டிவிட்டும் இழுங்கள். சர்வோவின் பங்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். அதற்கு முன் இறக்கையைத் திறக்காதீர்கள்.