காம்பன்சேட்டர் உள்ள போட்டிப் பிஸ்டலுக்கு ஃபேக்டரி தோட்டா தேர்ந்தெடுப்பது எப்படி?

அமெரிக்காவின் யுஎஸ்பிஎஸ்ஏ என்ற துப்பாக்கிச் சுடுதல் அமைப்பின் போட்டிகளில், துப்பாக்கியில் அதிக மாற்றங்களை அனுமதிக்கும் ஓபன் பிரிவுக்குப் புதிதாக வருபவர்களில் பலர், துப்பாக்கிக்கு ஆயிரக்கணக்கான டாலரைச் செலவழித்துவிட்டு, தோட்டா விஷயத்தில் மட்டும் கடையில் எது மலிவோ அதை அள்ளிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். சாதாரணப் பிஸ்டலில் இதனால் பெரிய நட்டமில்லை. குழல்முனையில் காம்பன்சேட்டர் (வாயுவை மேல்நோக்கி வெளியேற்றித் துள்ளலைக் குறைக்கும் துளையுள்ள உறுப்பு) இருந்தால் கதை வேறு. அங்கே தோட்டாவும் துப்பாக்கியின் ஓர் உறுப்பைப் போலவே வேலை செய்தாக வேண்டும். தோட்டாவை வீட்டில் தாமே நிரப்பிக்கொள்ளாமல் பெட்டியாக வாங்கிச் சுடும் 9 மி.மீ. லூகர் போட்டியாளர்களுக்காக இதை எழுதுகிறேன். (இந்தியாவில் 9 மி.மீ. கைத்துப்பாக்கி தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது. எனவே இங்குள்ள நடைமுறைகள் அனைத்தும் அமெரிக்கக் களத்துக்கு உரியவை.)

படி 1: காம்பன்சேட்டரின் தேவையை அறியுங்கள்

தோட்டாவின் முனையிலுள்ள குண்டு குழலை விட்டு வெளியேறும்போது, அதைத் தள்ளிக்கொண்டு வரும் வாயு காம்பன்சேட்டரின் அறைக்குள் விரிந்து, மேற்புறத் துளைகளின் வழியே சீறிக்கொண்டு வெளியேறுகிறது. மேல்நோக்கிப் பாயும் அந்த வாயு குழல்முனையைக் கீழே அழுத்துவதால், சுட்டவுடன் துப்பாக்கி துள்ளி எழுவது குறைகிறது. ஆகவே, வாயு எவ்வளவு அதிகமோ, காம்பன்சேட்டரின் பலனும் அவ்வளவு அதிகம்.

மற்றப் பிரிவுகளில் சுட்டுப் பழகியவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். காம்பன்சேட்டர் இல்லாத பிஸ்டலில் 147 கிரெய்ன் (குண்டின் எடையை அளக்கும் சிற்றலகு) எடையுள்ள கனமான, மெதுவான குண்டு கைக்கு இதமாக இருக்கும். எடுத்துக்காட்டாக, ஃபெடரல் நிறுவனத்தின் சின்டெக் ஆக்‌ஷன் பிஸ்டல் தோட்டா 150 கிரெய்ன் குண்டை நொடிக்கு 870 அடி வேகத்தில்தான் செலுத்துகிறது. அதே தோட்டாவைக் காம்பன்சேட்டர் உள்ள பிஸ்டலில் போட்டால், துளைகளுக்கு வந்து சேரும் வாயு குறைவு என்பதால் குழல்முனையை அழுத்த ஆளில்லை. அது மட்டுமன்று, காம்பன்சேட்டரின் எடை குழலோடு சேர்ந்துவிடுவதால், ஸ்லைடு (சுடும்போது பின்வாங்கும் மேற்பகுதி) முழுத் தூரம் பின்வாங்காமல் வெற்றுக் கூடு சிக்கிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. எனவே 115 அல்லது 124 கிரெய்ன் குண்டுள்ள, முழு வேகத் தோட்டாக்களிலிருந்தே தேடலைத் தொடங்குங்கள்.

படி 2: பவர் ஃபேக்டரைக் கணக்கிடுங்கள்

குண்டின் எடையைக் கிரெய்னிலும் வேகத்தை நொடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி, 1000 ஆல் வகுத்தால் வருவது பவர் ஃபேக்டர், அதாவது தோட்டாவின் வலுவைக் காட்டும் எண். யுஎஸ்பிஎஸ்ஏ ஓபன் பிரிவில் வலுவுக்கு இரண்டு நிலைகள்: மைனருக்கு 125, மேஜருக்கு 165 வேண்டும். ஃபெடரல் அமெரிக்கன் ஈகிள் 124 கிரெய்ன் பெட்டியில் 1150 அடி என்று போட்டிருக்கிறது. கணக்குப் போட்டால் 142.6. அதே நிறுவனத்தின் 115 கிரெய்ன் தோட்டா 1180 அடியில் 135.7 தருகிறது. இரண்டும் மைனருக்குத் தாராளம். பெட்டியிலுள்ள வேகம் தயாரிப்பாளரின் சோதனைக் குழலில் அளக்கப்பட்டது என்பதையும், குழலிலேயே துளையிட்ட பிஸ்டலில் குண்டு வெளியேறுவதற்கு முன்பே வாயு கசிந்து வேகம் குறையும் என்பதையும் மனத்தில் வைத்து, வரம்புக்கு மேல் சில புள்ளிகளாவது மிச்சம் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். போட்டியில் குரோனோகிராஃபில் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) வைத்து அளக்கும்போது 125 வரவில்லையென்றால் உங்கள் மதிப்பெண் எதுவும் கணக்கில் சேராது.

மேஜர் ஆசை எல்லோருக்கும் வரும். இலக்கின் மையமான ஏ பகுதிக்கு இரண்டிலும் 5 புள்ளிதான் என்றாலும், சி பகுதிக்கு மைனரில் 3, மேஜரில் 4. டி பகுதிக்கு மைனரில் 1, மேஜரில் 2. ஆனால் 124 கிரெய்ன் குண்டு மேஜரை எட்ட நொடிக்கு 1331 அடி வேண்டும். வழக்கத்தைவிட அதிக அழுத்தத்தில் நிரப்பப்பட்ட ஸ்பீர் கோல்ட் டாட் பிளஸ் பி 124 கிரெய்ன் தோட்டாகூட 1220 அடியில் 151ஐத்தான் தொடுகிறது. 1980களில் ஓபன் துப்பாக்கிகளின் செல்லப் பிள்ளையாக இருந்த .38 சூப்பர் என்ற வேறு தோட்டா வகையை எடுத்துக்கொண்டாலும், 130 கிரெய்ன் குண்டை 1215 அடியில் செலுத்தும் வழக்கமான ஃபேக்டரி தோட்டா 158இல் நின்றுவிடுகிறது. 9 மேஜர் என்ற பெயரில் தனியாக விற்கப்படும் தோட்டாக்களை, 9 மி.மீ. லூகருக்குத் தோட்டாத் தரங்களை வகுக்கும் அமெரிக்க அமைப்பான சாமி வகுத்துள்ள 35,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அழுத்த வரம்பை மீறியவையாகவே கருத வேண்டும். உங்கள் துப்பாக்கி அதற்கென்றே கட்டப்பட்டது என்று தயாரிப்பாளர் எழுத்தில் சொல்லாதவரை அவற்றின் பக்கமே போகாதீர்கள். தொடக்கக் காலத்தில் மதிப்பெண் போவது பெரும்பாலும் தவறவிட்ட இலக்குகளாலும் வீணாகும் நொடிகளாலும்தான் என்பதால், மைனரில் தொடங்குவதே என் பரிந்துரை.

படி 3: குண்டின் அடிப்பாகத்தைக் கவனியுங்கள்

மலிவான எஃப்எம்ஜே (உலோக உறை போட்ட) குண்டுகளில் செப்பு உறை முன்பக்கத்தை மூடியிருந்தாலும், அடிப்பாகத்தில் ஈயம் திறந்தே கிடக்கிறது. எரியும் வாயு அந்த ஈயத்தை அரித்துக்கொண்டு போய்க் காம்பன்சேட்டரின் உட்சுவரில் சாம்பல் நிறப் படலமாகப் படியவைக்கும். நாளடைவில் அது சுரண்டித்தான் எடுக்க வேண்டிய அளவுக்கு இறுகிவிடும். ஜேஹெச்பி (முனையில் குழிவுள்ள) குண்டில் உறை அடியிலிருந்து மேலே இழுக்கப்பட்டிருப்பதாலும், டிஎம்ஜே குண்டில் உறை முழுவதையும் மூடியிருப்பதாலும் இந்தத் தொல்லை மிகக் குறைவு. பாலிமர் பூச்சுள்ள குண்டுகள் புகையையும் பிசுக்கையும் கூட்டும் என்பதால் எனக்கு அவை பிடிப்பதில்லை. பயிற்சிக்கு எஃப்எம்ஜே, போட்டிக்கு அதே எடையும் ஏறத்தாழ அதே வேகமும் உள்ள ஜேஹெச்பி என்று பிரித்துக்கொண்டால் செலவும் கட்டுக்குள் இருக்கும். வாயு மேல்நோக்கிச் சீறும் துப்பாக்கி என்பதால், பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் அருகில் நிற்கக்கூட வேண்டாம்.

படி 4: கொஞ்சமாக வாங்கிச் சுட்டுப் பாருங்கள்

முதலிலேயே ஆயிரம் தோட்டாக்கள் உள்ள பெரிய பெட்டியை வாங்காதீர்கள். இரண்டு மூன்று வகைகளில் 50 தோட்டாப் பெட்டி ஒவ்வொன்று போதும். மேகசினில் ஒரே ஒரு தோட்டாவைப் போட்டுச் சுடுங்கள். ஸ்லைடு பின்னால் பூட்டி நிற்க வேண்டும். இதை இரு கைகளாலும், பிறகு ஒற்றைக் கையாலும் பலமுறை செய்யுங்கள். வெற்றுக் கூடுகள் காலடியிலேயே சோம்பலாக விழுந்தால் தோட்டாவின் வலு போதவில்லை என்று பொருள். முதலில் சற்று வேகமான தோட்டாவுக்கு மாறுங்கள். அதற்கும் சரிவரவில்லையென்றால்தான், ஸ்லைடை முன்னே தள்ளி மூடும் ரீகாயில் ஸ்பிரிங்கை மாற்றி, தயாரிப்பாளர் தருபவற்றில் ஒரு படி இலகுவானதைப் பொருத்திப் பார்க்க வேண்டும்.

அடுத்து, சுடும்போது ரெட் டாட் குறிநோக்கியின் கண்ணாடியில் தெரியும் புள்ளி போகும் பாதையைப் பாருங்கள். சற்றே மேலெழுந்து பழைய இடத்துக்கே திரும்பினால் பொருத்தம் சரி. கண்ணாடிக்கு வெளியே பறந்தால் வாயு போதவில்லை. இலக்குக்குக் கீழே முங்கி எழுந்தால், வாயு அளவுக்கு மிஞ்சியிருக்கலாம் அல்லது ஸ்பிரிங் கடினமாக இருந்து, மூடும் ஸ்லைடு முனையைக் கீழே தள்ளியிருக்கலாம்.

சில குண்டுகள் சுட்டதும் காகித இலக்கில் துளைகள் வட்டமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். நீள்வட்டமாக இருந்தால் குண்டு காம்பன்சேட்டரை உரசிக்கொண்டு போயிருக்கக்கூடும். துப்பாக்கியைக் காலி செய்து, உள்ளே செப்புக் கீறல் உள்ளதா என்று சோதியுங்கள். எந்தத் தோட்டாவாவது வழக்கத்துக்கு மாறாக மெல்லிய ஓசையோடு வெடித்தால் அடுத்ததைச் சுடவே கூடாது. குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம்.

படி 5: அளந்தபின் மொத்தமாக வாங்குங்கள்

தேறிய தோட்டாவை உங்கள் துப்பாக்கியிலேயே குரோனோகிராஃபில் அளந்து சராசரி எடுங்கள். வெடிமருந்தின் வேகம் வெப்பநிலையோடு மாறக்கூடியது என்பதால், கோடையில் எடுத்த அளவை நம்பிக் குளிர்காலப் போட்டிக்குப் போக வேண்டாம். மொத்தமாக வாங்கும்போது பெட்டிகளின் லாட் எண் (தயாரிப்புத் தொகுதியின் எண்) ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். லாட் மாறினால் பத்துத் தோட்டாவையாவது மீண்டும் அளந்துகொள்ளுங்கள்.