பைக் ஓட்ட நிறம் மாறும் மூக்குக்கண்ணாடி வாங்குகிறீர்களா?

வெயிலில் கருத்து, நிழலில் தெளியும் ஃபோட்டோகுரோமிக் கண்ணாடியை வாங்கும் முன் உங்கள் ஹெல்மெட்டைப் பாருங்கள். இந்த லென்ஸ் பெரும்பாலும் புற ஊதாக் கதிர் பட்டால்தான் கருக்கும். ஹெல்மெட்டின் முகத்தை மூடும் பாலிகார்பனேட் (உறுதியான பிளாஸ்டிக்) வைசரோ அந்தக் கதிரை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். வைசரை மூடி ஓட்டுபவருக்கு இந்தக் கண்ணாடி வீண்செலவு. வைசரைத் திறந்து ஓட்டுபவருக்கும் திறந்த முக ஹெல்மெட்காரருக்குமே இது பொருந்தும்.

அவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு: கருக்க ஒரு நிமிடம் போதும், தெளியப் பல நிமிடங்கள் ஆகும். பாலக்காடு–திருச்சூர் சாலையில் உள்ள குதிரான் சுரங்கப்பாதை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். 60 கி.மீ. வேகத்தில் லென்ஸ் தெளியும் முன்பே மறுபக்கம் வந்துவிடுவீர்கள். உள்ளே இருக்கும் வரை அரை இருட்டுதான். ஆகவே, சீக்கிரமாகவும் முழுதுமாகவும் தெளியும் லென்ஸையே கேளுங்கள். வகை 4 (மிகக் கருமையான வகை) என்று குறித்திருந்தால் வேண்டாம், அது வாகனம் ஓட்டுவதற்கு உரியதல்ல. கடும் வெப்பத்தில் இவை குறைவாகவே கருக்கும் என்பதையும் விற்பனையாளர் சொல்லமாட்டார்.

லென்ஸ் பாலிகார்பனேட்டாகவும் காதுக்கம்பி மெல்லியதாகவும் இருக்கட்டும். கடைக்கு ஹெல்மெட்டையும் எடுத்துப்போய், இரண்டையும் சேர்த்து அணிந்து பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.