முழங்கால் மாற்று அறுவை: சில்லு விலகாதிருக்கக் கேட்க வேண்டியவை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்ட பெரியவரைப் பார்க்கப் போகிறவர்கள், "கால் நேராகிவிட்டதா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கேள்வியில் தவறில்லை, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை செல்லும் அச்சு, நேர்கோட்டிலிருந்து 3 டிகிரிக்கு மேல் விலகக் கூடாது என்பதே நெடுங்கால அளவுகோல். ஆயினும் படி இறங்கும்போது முழங்காலின் முன்புறம் வலிப்பதற்கும் முழங்காலின் முன்னுள்ள சிறு எலும்பான சில்லு வெளிப்பக்கம் நழுவுவதற்கும், செயற்கைப் பாகங்கள் எந்தப் பக்கம் திரும்பி அமர்ந்திருக்கின்றன என்பது முக்கியக் காரணமாக இருக்கக்கூடும். முன்னிருந்து எடுக்கும் எக்ஸ்ரேயில் அது சரிவரத் தெரியாது.

கிணற்றுக் கப்பியில் கயிறு ஓடுவதுபோல, சில்லு தொடை எலும்பின் முன்பள்ளத்தில் ஓடுகிறது. தொடை எலும்பில் பொருத்தும் செயற்கைப் பாகமான தொடைப்பாகம் உட்பக்கம் திரும்பிவிட்டால் பள்ளமும் உள்ளே நகர்ந்து, சில்லு வெளியே ஒதுங்கும். கீழ்க்கால் பாகம் உட்பக்கம் திரும்பினால், சில்லின் தசைநார் பற்றியிருக்கும் எலும்பு மேடு வெளிப்பக்கம் போவதால் விளைவு அதுவேயாகும். ஆகவேதான் தொடைப்பாகத்தை, தொடை எலும்பின் கீழ்முனையில் பின்புறம் புடைத்திருக்கும் இரு முண்டுகளை (பின்முண்டுகளை) இணைக்கும் கோட்டிலிருந்து சுமார் 3 டிகிரி வெளிப்பக்கம் திருப்பியும், கீழ்க்கால் பாகத்தை அம்மேட்டின் உட்புற மூன்றிலொரு பங்கை நோக்கியும் பொருத்துவது பரவலான வழக்கம். முழங்கால்கள் ஒன்றோடொன்று இடிக்கும்படி வளைந்தவர்களுக்கு வெளிப்புறப் பின்முண்டு சிறுத்திருப்பதுண்டு. அவர்களிடம் இந்த 3 டிகிரிக் கணக்கை அப்படியே நம்பினால் பாகம் உட்பக்கமே திரும்பிவிடும். வீட்டுப் பெரியவரின் கால் அப்படி இருந்தால், எந்தக் கோட்டை அடிப்படையாகக் கொள்ளப்போகிறார் என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். நல்ல மருத்துவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சில்லு முன்பு எப்போதாவது விலகியிருந்தால் அதை மறக்காமல் சொல்லிவிடுங்கள். சில்லின் பின்புறத்திலும் பிளாஸ்டிக் பதிக்கப்போவதாகச் சொன்னால், பதித்த பின் மொத்தத் தடிமன் பழைய அளவை மீறாதா என்பதையும் விசாரியுங்கள். தடித்த சில்லு பக்கத் தசைநார்களை இழுத்து இறுக்கும். காயத்தை மூடுமுன் மருத்துவர் முழங்காலை மடக்கி நீட்டுவார். விரலால் அழுத்திப் பிடிக்காமலேயே சில்லு பள்ளத்தில் ஓட வேண்டும்.

வீடு திரும்பியபின், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலை மெல்ல நீட்டும்போது சில்லு வெளிப்பக்கம் துள்ளுகிறதா என்று பக்கவாட்டிலும் மேலிருந்தும் கவனியுங்கள். கையால் தள்ளிப் பார்க்க வேண்டாம். திடீரென்று காலை நீட்டவே முடியாமற்போனாலோ, வீக்கத்துடன் காய்ச்சல் கண்டாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தைப்பூசத்தில் காவடி எடுக்கலாமா என்ற கேள்வியை ஃபிசியோவிடமும் மருத்துவரிடமும் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. உறவினர்களின் தீர்ப்பு இதில் செல்லாது.

மாதக்கணக்கில் முன்வலி தொடர்ந்தால், முழங்காலை மடக்கிச் சில்லையும் பள்ளத்தையும் காட்டும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். சில்லு சாய்ந்திருந்தால், பாகங்களின் திருப்பத்தை அளக்கும் சிடி ஸ்கேனுக்கு மருத்துவரின் கடிதத்துடன் மெடிக்கல் எய்டில் (மருத்துவச் செலவுத் திட்டத்தில்) முன் அனுமதி கேளுங்கள். அந்த அளவு கைக்கு வருமுன், வெளிப்புறத் தசைநாரைத் தளர்த்தும் அறுவைக்கு மட்டும் இசைய வேண்டாம்; பாகம் பெரிதும் திரும்பியிருந்தால் அதையே மாற்றிப் பொருத்த வேண்டியிருக்கும்.