எஸ்எஸ்டியைக் காப்பாற்றப் போய் லினக்ஸைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்

2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டொப் வைத்திருக்கிறவருக்கு மலிவான வழி ஒன்றுதான்: ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாமல் சில்லில் சேமிக்கிற டிஸ்க்) ஒன்றைப் போட்டு, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட்டோ டெபியனோ ஏற்றிக்கொள்வது. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ டவுனில் ஒரு கடையில் கொடுத்தால் முடிந்துவிடும். மெஷின் பறக்கும்.

அத்தோடு விட்டால் நல்லது, விடமாட்டோம். இன்னும் கொஞ்சம் வேகமாக்கலாமே என்று தேடப் போனால், 2010 வாக்கில் யாரோ எழுதி, ஒருவரைப் பார்த்து ஒருவர் பிரதி எடுத்து இன்றுவரை சுற்றிக்கொண்டிருக்கிற குறிப்புகள் வந்து விழும். ஜர்னலை நிறுத்து, ஸ்வாப்பை எடு, லொக் (மெஷினில் நடப்பதன் பதிவு) எல்லாவற்றையும் ரேமில் போடு, பிரவுசர் கேஷை மூடு. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே பயம்தான்: எழுத எழுத எஸ்எஸ்டி தேய்ந்துவிடும்.

பயம் பொய்யில்லை, அளவுதான் தப்பு. கிங்ஸ்டன் ஏ400 மாதிரி மலிவான 240 ஜிபி டிஸ்க்குக்கே 80 டெராபைட் வரை எழுதலாம் என்று தயாரிப்பாளர் கணக்குக் கொடுத்திருக்கிறார். தினமும் 20 ஜிபி எழுதினாலும் அது 4,000 நாள், கிட்டத்தட்ட 11 வருஷம். கடிதம் அடித்து, யூடியூப் பார்த்து, பிள்ளைக்கு சூமில் வகுப்பு வைக்கிற வீட்டில் ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதுவதே கஷ்டம். டெக் ரிப்போர்ட் என்ற தளம் 2013இல் தொடங்கி 2015 வரை ஆறு எஸ்எஸ்டிகளை ஓயாமல் எழுத வைத்துச் சோதித்தது. ஆறும் 700 டெராபைட்டைத் தாண்டித்தான் செத்தன. ஒரே அறையில் நான்கு பிட் திணித்து இப்போது வருகிற மலிவு கியூஎல்சி டிஸ்க்குகளின் சில்லு அந்தக் காலத்துச் சில்லு அளவுக்கு உழைக்காது, உண்மைதான். ஆனாலும் வீட்டுப் பாவனைக்கு அது போதும் போதும்.

மலைநாட்டில் உண்மையில் தட்டுப்பாடு எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். ஒழுங்கான கரண்ட், ரேம், டேட்டா. அந்தப் பழைய குறிப்புகள் எல்லாம் தாராளமாக இருக்கிற ஒன்றை மிச்சம் பிடிக்க, இந்த மூன்றையும் செலவழிக்கச் சொல்கின்றன.

ஜர்னலில் கை வைக்காதீர்கள்

ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் ஜர்னல் என்று ஒன்று இருக்கிறது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற விபரத்தை மாற்றுவதற்கு முன்னால், என்ன மாற்றப் போகிறோம் என்பதை அது முதலில் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளும். நடுவில் கரண்ட் போனால், அடுத்த தடவை மெஷின் எழும்பும்போது அந்தக் குறிப்பைப் பார்த்துச் சில விநாடிகளில் சரி செய்துவிடும். எழுதுவது கூடுகிறது என்று இதை நிறுத்தினால், கரண்ட் போன ஒவ்வொரு தடவையும் முழு டிஸ்க்கையும் சோதிக்க வேண்டி வரும், சில கோப்புகள் 'லொஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' கோப்புறையில் பெயரில்லாமல் கிடக்கும், சில கிடைக்கவே கிடைக்காது.

நம் பக்கத்துக் காலநிலை தெரியும்தானே. ஏப்ரலில் பின்னேரமானால் இடி மின்னல், அது முடிந்தால் தென்மேற்குப் பருவ மழையில் மரம் முறிந்து லைனில் விழும். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். அது பரவாயில்லை, நேரம் சொல்லித்தான் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று போய் நாட்டையே இருட்டாக்கியது என்று அமைச்சர் சொன்னாரே, அந்த மாதிரி சொல்லாமல் கொள்ளாமல் போகிற கரண்ட்தான் கோப்பைத் தின்னும். அதிலும் செகண்ட் ஹேண்ட் லேப்டொப்பில் பெரும்பாலும் பேட்டரி செத்திருக்கும், வயரைச் சொருகியே ஓட்டுவோம். அப்படியென்றால் அது லேப்டொப் இல்லை, யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப்.

இதே காரணத்துக்காக, எந்த டிஸ்க்கை எப்படி இணைப்பது என்று சொல்கிற எஃப்எஸ்டேப் கோப்பில் 'கமிட்=600' என்று போடச் சொன்னால் போடாதீர்கள். ஈஎக்ஸ்டி4 வழக்கமாக 5 விநாடிக்கு ஒரு தடவை டிஸ்க்குக்குத் தள்ளும். 600 என்று போட்டால் பத்து நிமிஷ வேலை வரை காற்றில் போகலாம். 'பேரியர்=0' அதைவிட மோசம், எழுதுகிற வரிசையைக் காக்கிற ஏற்பாட்டை நிறுத்தி, ஜர்னல் இருந்தும் இல்லாத மாதிரி ஆக்கிவிடும். சர்வருக்கென்று வருகிற விலை கூடிய எஸ்எஸ்டிகளில் கரண்ட் போனதும் கையில் இருப்பதை எழுதி முடிக்கக் கெபாசிட்டர் வைத்திருப்பார்கள், நாம் வாங்குகிற சாமானில் அது இருக்காது. டியூனிங் என்று மெனக்கெடுகிற நேரத்துக்கு ஒரு நல்ல பேட்டரி வாங்கிப் போட்டால் டிஸ்க்குக்கு அதுதான் பெரிய உதவி.

கோப்பை வாசித்த நேரத்தைக் குறிக்காதே என்கிற 'நோஏடைம்' போடலாமா? போடலாம், கெடுதல் இல்லை. ஆனால் 2009இல் வந்த கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 2.6.30இலிருந்தே, அந்த நேரத்தை அபூர்வமாக மட்டும் குறிக்கிற 'ரிலேடைம்' இயல்பாக இருக்கிறது, அதனால் பெரிய வித்தியாசம் தெரியாது. மெஷினை எழுப்புகிற கிரப்பில் 'எலிவேட்டர்=நூப்' என்று எழுதச் சொல்கிறவரை விட்டுவிடுங்கள், டிஸ்க் வேலைகளை வரிசைப்படுத்துகிற அந்தப் பழைய ஷெட்யூலர்களே 2019இல் கெர்னல் 5.0 வந்தபோது தூக்கப்பட்டுவிட்டன. சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றாக அடுக்குகிற டிஃப்ராக் எஸ்எஸ்டிக்குத் தேவையே இல்லை.

ஸ்வாப்பை எடுத்துவிட்டு ஏன் உறைகிறது என்று கேட்காதீர்கள்

ரேம் நிறைந்தால் பாவிக்க டிஸ்க்கில் ஒதுக்குகிற இடம்தான் ஸ்வாப். 4 ஜிபி ரேம் உள்ள மெஷினில் அதை முழுதாக எடுப்பதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. சூம் ஒரு பக்கம், பிரவுசரில் ஏழெட்டு டேப் ஒரு பக்கம், ரேம் நிறைந்துவிடும். ஸ்வாப் இருந்தால், ரேமில் தொடாமல் கிடக்கிற பக்கங்களை, அதாவது சிறு துண்டுகளை, கெர்னல் அங்கே ஒதுக்கி வைக்கும். இல்லையென்றால் ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராமின் கோட் பகுதியையே ரேமிலிருந்து தூக்கிப்போட்டுவிட்டு, அடுத்த கணம் தேவைப்படும்போது டிஸ்க்கிலிருந்து திரும்ப வாசிக்கும். மறுபடியும் தூக்கிப்போடும், மறுபடியும் வாசிக்கும். டிஸ்க் லைட் அணையாமல் எரிய, மவுஸ் அசையாது. கடைசியில் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்போம், அதுவும் ஒரு கரண்ட் கட்தான்.

இதற்கு உருப்படியான வழி இசட்ரேம். ரேமிலேயே ஒரு பகுதியை எடுத்து, வேண்டாத பக்கங்களைச் சுருக்கி வைக்கிற ஏற்பாடு. டிஸ்க்குக்கு எழுதுவதே இல்லை என்பதால், எஸ்எஸ்டி தேய்கிறது என்று தூக்கம் வராதவர்களுக்கும் நிம்மதி. ஃபெடோரா என்ற லினக்ஸ் வகை 33ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2020இலிருந்து, இதை இயல்பாகவே தருகிறது. டெபியன், உபுண்டு, மின்ட் என்றால் இசட்ரேம்-டூல்ஸ் பொதியைப் போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் எஸ்எஸ்டியில் ஒரு 2 ஜிபி ஸ்வாப் கோப்பும் வைத்துக்கொண்டால் தப்பே இல்லை. ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைகிற ஹைபர்நேட் வேண்டுமென்றால் டிஸ்க்கில் ஸ்வாப் கட்டாயம், ரேம் அளவுக்காவது இருந்தால் நல்லது.

ரேமே இல்லாத மெஷினில் தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் கோப்புறையையும் பிரவுசர் ப்ரொஃபைலையும் ரேமுக்கு மாற்றச் சொல்வது வேடிக்கைதான். 2025இல் வந்த டெபியன் 13 டெம்ப்பை இயல்பாகவே ரேமில் வைக்கிறது, பாதி ரேம் வரை எடுத்துக்கொள்ளலாம். 16 ஜிபி மெஷினுக்கு அது சரி. 4 ஜிபியில் பெரிய ஜிப் ஒன்றை அங்கே விரித்தால் மூச்சு முட்டும். 'டெம்ப் மவுண்ட்' யூனிட்டை சிஸ்டம்சிடிஎல் கட்டளையால் மாஸ்க் செய்து ரீபூட் கொடுத்தால் பழையபடி டிஸ்க்குக்கே போய்விடும்.

பிரவுசரின் டிஸ்க் கேஷை மூடுவது இன்னொன்று. கொழும்பில் ஃபைபர் வைத்திருக்கிறவர் மூடட்டும். போன் ஹொட்ஸ்பொட்டில், மூடுபனி இறங்கினால் இரண்டு பார் சிக்னலில், ரீலோட் போட்ட டேட்டாவில் பார்க்கிற நாம் ஒரே படத்தை நாளுக்கு நாள் திரும்ப இறக்குவானேன்?

ட்ரிம் விஷயம்

ஒரு கோப்பை அழித்தால், அந்த இடம் இனித் தேவையில்லை என்று எஸ்எஸ்டிக்குச் சொல்வதுதான் ட்ரிம். சொல்லாவிட்டால், குப்பையையும் பத்திரமாகச் சுமந்துகொண்டு டிஸ்க் மெல்ல மெல்ல மந்தமாகும். உபுண்டு, ஃபெடோரா போன்றவற்றில் எஃப்எஸ்ட்ரிம் டைமர் வாரத்துக்கு ஒரு தடவை இதைத் தானாகச் செய்கிறது. டைமர் ஓடுகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அதை எனேபிள் செய்யுங்கள், அவ்வளவுதான். எஃப்எஸ்டேப்பில் 'டிஸ்கார்ட்' என்றும் எழுதத் தேவையில்லை. அழிக்கிற ஒவ்வொரு தடவையும் ட்ரிம் போனால் பழைய சாட்டா (ஹார்ட் டிஸ்க் மாட்டுகிற அதே இணைப்பு) டிஸ்க்குகள் திணறும்.

ஸ்டூடியோ வைத்திருக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் கல்யாணப் படங்களைத் தவறி அழித்தால் ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருள் போட்டு மீட்டெடுக்க வாய்ப்பிருந்தது. எஸ்எஸ்டியில் ட்ரிம் ஓடிவிட்டால் அதை மறந்துவிடலாம். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இன்னொரு பிரதி இல்லாமல் எஸ்எஸ்டியை நம்பித் தொழில் செய்யாதீர்கள்.

டிஸ்க்கைக் கழுத்து வரை நிரப்பாதீர்கள். மலிவு டிஸ்க்குகள் காலியிடத்தின் ஒரு பகுதியை வேகமான கேஷாகப் பாவிக்கின்றன. இடம் குறையக் குறைய அதுவும் சுருங்கும், எழுதுகிற வேகம் விழும். 10, 15 சதவீதமாவது சும்மா கிடக்கட்டும்.

மெலிய வைக்கிறேன் என்று எலும்பை வெட்டாதீர்கள்

லினக்ஸை மெலிய வைப்பதில் நம் ஆட்களுக்கு ஒரு தனி வெறி இருக்கிறது. வேண்டாத மொழிகளை நீக்கு என்று ப்ளீச்பிட் என்ற துப்புரவு மென்பொருளில் ஒரு டிக். மென்பொருளின் தமிழ் முகப்பு அதில் போய்விடும். எழுத்துருப் பொதிகளில் கை வைத்தால் இன்னும் மோசம். லோஹித் தமிழ் எழுத்துருவையும் எல்கேலக் சிங்கள எழுத்துருவையும் சேர்த்தாலே சில எம்பிதான். அதை நீக்கிவிட்டு, வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து சிங்களத்தில் வந்த சுற்றறிக்கையைத் திறந்தால் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். எழுத்துருவில் இடம் மிச்சம் பிடித்தே ஆக வேண்டுமென்றால் நோட்டோ சிஜேகே என்று சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துக்கான பொதி இருக்கும், அது பெரியது, அதை எடுங்கள்.

மோடம்மேனேஜர் என்று ஒரு சேவை ஓடுவதைப் பார்த்து, யார் இந்தக் காலத்தில் மோடம் வைத்திருக்கிறார்கள் என்று நிறுத்துவார்கள். மறுநாள் டொங்கலைச் சொருகினால் இணைப்பு வராது, ஏனென்றால் சிம் போடுகிற பல டொங்கல்களோடு பேசுவது அதுதான். வைஃபை போன்ற சாதனங்களை இயக்குகிற லினக்ஸ்-ஃபர்ம்வேர் பொதி நூற்றுக்கணக்கான எம்பி பிடிப்பது உண்மை. அதை எடுத்துவிட்டு வைஃபை இல்லாமல் நிற்பதும் உண்மை. அப்படி நின்றால் போனை யூஎஸ்பி வயரில் மாட்டி டெதரிங் கொடுங்கள், பெரும்பாலும் வேலை செய்யும், திரும்ப இன்ஸ்டோல் பண்ணிக்கொள்ளலாம். மின்ட்டிலும் உபுண்டுவிலும் பைதன் 3ஐ 'நான் புரோகிராமர் இல்லையே' என்று நீக்குகிறவர்களுக்கு அந்த வழிகூட இல்லை, டெஸ்க்டொப்பையே, அதாவது திரையில் தெரிகிற முகப்பு முழுவதையும், இழுத்துக்கொண்டு போகும்.

எதை நீக்கினாலும், ஒய் அழுத்துவதற்கு முன், மென்பொருளை ஏற்றி நீக்குகிற ஏபிடி காட்டுகிற பட்டியலை வாசியுங்கள். சின்ன மென்பொருள் ஒன்றை எடுக்கப் போனால் பட்டியலில் டெஸ்க்டொப்பின் மெட்டா பொதியும் (மற்றப் பொதிகளைக் கட்டி வைத்திருக்கிற வெறும் பட்டியல்) இருக்கும். அது போவதால் உடனே ஒன்றும் ஆகாது, அடுத்து, யாருக்கும் தேவைப்படாத பொதிகளை நீக்குகிற ஆட்டோரிமூவ் கொடுக்கும்போதுதான் மிச்சமெல்லாம் வரிசையாகக் கிளம்பும். பூட் கோப்புறைக்குள் போய்ப் பழைய கெர்னலைக் கையால் அழிப்பதும் வேண்டாம், ஆட்டோரிமூவ் அதை ஒழுங்காகச் செய்யும்.

இடம் உண்மையில் எங்கே போகிறது என்று முதலில், எந்தக் கோப்புறை எவ்வளவு பிடிக்கிறது என்று காட்டுகிற என்சிடியூ போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நான்கைந்து இடம்தான்: ஏபிடி இறக்கி வைத்த பொதிகள், ஸ்னாப் முறையில் ஏற்றிய மென்பொருள்களின் பழைய பதிப்புகள், ஃபிளட்பேக் முறையில் வந்து யாருமே பாவிக்காத ரன்டைம்கள், சிஸ்டம்டி ஜர்னல் லொக் (மேலே சொன்ன ஈஎக்ஸ்டி4 ஜர்னல் இல்லை, மெஷினில் நடப்பதன் பதிவு). அந்த லொக் மட்டும் டிஸ்க்கில் 10 சதவீதம் வரை, அதிகபட்சம் 4 ஜிபி, எடுத்துக்கொள்ளும். ஜர்னல்சிடிஎல் வேக்யூம்-சைஸ் 200எம் என்று கொடுத்துக் குறைக்கலாம், நிரந்தரமாக வேண்டுமென்றால் அதன் கொன்ஃபிக் கோப்பில் 'சிஸ்டம்மேக்ஸ்யூஸ்' வரியில் எழுதலாம். லொக்கை ரேமில் மட்டும் போடாதீர்கள், மெஷின் விழுந்த காரணம் அதோடு சேர்ந்து விழுந்துவிடும்.

வேகம் குறைவு என்று இருக்கிற டெஸ்க்டொப்புக்கு மேலேயே எக்ஸ்எஃப்சிஇ, அதற்கு மேல் எல்எக்ஸ்கியூடி என்று இலகுவான வேறு டெஸ்க்டொப்புகளை ஏற்றுகிறவர்களும் உண்டு. மெலிவு அப்படி வராது. மெலிந்தது வேண்டுமென்றால் முதலிலேயே மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஏற்றுங்கள், பிறகும் ரேமைத் தின்பது பிரவுசர்தான் என்பதையும் எதிர்பாருங்கள்.

அப்புறம், டிஸ்க் தேய்கிறதா என்று ஊகிக்கத் தேவையில்லை. ஸ்மார்ட்மோன்டூல்ஸ் போட்டு ஸ்மார்ட்சிடிஎல் ஓடவிட்டால், சாட்டாவைவிட வேகமான புது இணைப்பில் வருகிற என்விஎம்இ டிஸ்க்கில் எத்தனை சதவீதம் பாவித்தாகிவிட்டது என்று அதுவே சொல்லும், சாட்டாவில் எவ்வளவு எழுதியிருக்கிறது என்ற எண்ணிக்கை பெரும்பாலும் இருக்கும். பழைய எஸ்எஸ்டி வாங்கப் போனால் காசு கொடுப்பதற்கு முன் இதைப் பாருங்கள். 2 டெராபைட் என்று நம்ப முடியாத விலைக்கு ஒன்று வந்தால் எஃப்3 என்ற சோதனை மென்பொருள் போட்டு முழுதாக எழுதி வாசித்துப் பாருங்கள், உள்ளே சொன்ன அளவு இல்லாத போலி டிஸ்க்குகள் இருக்கின்றன. உங்களுடையதை விற்பதென்றால் கோப்பின் மேல் திரும்பத் திரும்ப எழுதி அழிக்கிற ஷ்ரெட் கட்டளை வேண்டாம், எஸ்எஸ்டி உள்ளுக்குள் இடம் மாற்றி மாற்றி எழுதுவதால் பழையது மிஞ்சக்கூடும். என்விஎம்இ ஃபோர்மெட்டோ, சாட்டாவுக்குரிய செக்யூர் இரேஸோ கொடுங்கள்.