இலேசான கான்கிரீட்டில் நார் கலக்கும் முறை

ஜல்லிக்குப் பதிலாக லெக்கா எனும் சுட்ட களிமண் உருண்டைகளைப் போடுவதானால், முதல் நாளே 24 மணி நேரம் நீரில் ஊறவையுங்கள். உலர்ந்த உருண்டை கலவை நீரை உறிஞ்சிவிடும். போட்டு முடிப்பதற்குள் கான்கிரீட் விறைத்துப்போகும். வடியவிட்டு, மேல் ஈரம் காய்ந்ததும் எடைபோடுங்கள்.

12 மி.மீ. பாலிப்ரொப்பிலீன் (ஒருவகைப் பிளாஸ்டிக்) நார் கனமீட்டருக்கு 0.9 கிலோ போதும். மிக்சர் சுழலும்போதே உதிர்த்துத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் பந்துபோல் திரண்டுவிடும். இளக்கம் குறைந்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, கலவையை இளக்கும் வேதிப்பொருளான சூப்பர்பிளாஸ்டிசைசர் சேர்க்கவும். கான்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டரை அதிக நேரம் ஓட்டினால் உருண்டைகள் மேலே மிதந்துவரும்.

இந்த அளவு நார் அமுக்க வலிமையைப் பெரிதாகக் கூட்டாது, தொடக்கச் சுருக்க விரிசலைத்தான் குறைக்கும். விரிசல் விட்டபின்னும் வளைசுமையைத் தாங்க வேண்டுமா? எஃகு நார் தேவை: கனஅளவில் 0.5 சதவீதம், அதாவது கனமீட்டருக்குச் சுமார் 39 கிலோ.